கதிரவேலர் வெள்ளை உடுத்த வருடம்

கதிரவேலர் ஓய்வு பெற்ற அன்று கந்தோரில் அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து, பொன்னாடை போர்த்தினார்கள். ஏழு பேர் பேசினார்கள். அவர் இல்லாத ஓய்வூதியப் பிரிவை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை என்று ஏழு பேரும் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து, மேசை லாச்சிக்குள் மறந்துவிட்டு வந்த கண்ணாடிக் கூட்டை எடுக்கப் போனார். பிரிவு நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. வாசலில் புதிதாக வந்திருந்த காவலாளி அவரை மறித்து, "ஐயா என்ன விசயமா வந்தனீங்கள்? இலக்கம் எடுத்தனீங்களோ?" என்று கேட்டான்.

முப்பத்து மூன்று வருடம் அங்கே இருந்தவர். திருகோணமலை நகரத்தில் ஓய்வூதியம் வாங்குகிற எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஒரு விண்ணப்பம் முதல் தடவையிலேயே அவருடைய மேசையைத் தாண்டிப் போனதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. முதலெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி குறைந்தாலும் திருப்பி அனுப்புவார். இலஞ்சம் வாங்காத மனிதர். அதனால் அவரிடம் ஒரு காரியத்தை முடிப்பது இன்னும் கடினமாக இருந்தது.

வீடு உப்புவெளியில், கடற்கரைக்குப் போகிற ஒழுங்கையில். மனைவி தங்கேஸ்வரி ஐந்து வருடத்துக்கு முன்பே முன்னறைகள் இரண்டையும் வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடத் தொடங்கியிருந்தாள். ஒரு கைப்பேசியும் நாற்பது ஆங்கிலச் சொற்களும் அவளுக்குப் போதுமாக இருந்தன. வீட்டோடு வந்து சேர்ந்த முதல் மாதமே, விருந்தினருக்குப் பதிவேடு ஒன்று வேண்டும் என்று கதிரவேலர் பதினொரு நிரலுக்குக் கோடு போட்டு ஒரு கொப்பி தயாரித்தார். பிரான்சிலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளையை, கடலில் குளித்த தலை காயுமுன் விறாந்தையில் நிறுத்தி, தகப்பனுடைய தொழில் என்ன என்று விசாரித்தார். அவள் அடுத்த நாளே வேறு இடம் பார்த்துப் போய்விட்டாள்.

தங்கேஸ்வரி கோபப்படவில்லை. கொப்பியை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் சும்மா கதிரையில இருங்கோ. எனக்கு அதுவே பெரிய உதவி" என்றாள்.

ஆறு மாதம் கதிரையில் இருந்தார். ஒழுங்கையால் போகிறவர்கள் யாரும் அவரை 'சேர்' என்று கூப்பிடவில்லை.

அந்த நிலையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை, நிலாவெளிக்குப் போகிற வீதியில் உள்ள மெய்ப்பொருள் மடத்துக்குப் பூசைக்குப் போனார். அங்கே அவருடைய பழைய மேலதிகாரியும் வந்திருந்தார். அமைச்சர் வந்தபோதும் கதிரையை விட்டு முழுதாக எழும்பாத மனிதர் அவர். அவர் அன்று, முப்பது சொச்ச வயதுள்ள ஒரு காவிச் சாமியாரின் காலில் வயிறு நிலத்தில் பட விழுந்து எழுந்தார். சாமியார் ஒரு கையை மட்டும் உயர்த்தினார். கதிரவேலர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்து, தனக்கு உலகத்தில் பற்று விட்டுப்போயிற்று என்று மனைவியிடம் சொன்னார்.

மடத்தின் ஒழுக்கக் கோவையில், ஐம்பது வயதைத் தாண்டிய குடும்பஸ்தரும் துறவு பெறலாம் என்று இருந்தது. பிள்ளைகள் கரைசேர்ந்திருக்க வேண்டும். மனைவி எழுத்தில் சம்மதம் தர வேண்டும். ஒரு வருடம் வெள்ளை உடுத்துப் பயிற்சியில் இருக்க வேண்டும். அதன்பிறகு தனக்குத் தானே ஈமக் கருமம் செய்து, உலகத்துக்குச் செத்தவனாகிக் காவி வாங்கலாம்.

ஒரே மகள் லக்சாயினி கலியாணம் முடித்து மட்டக்களப்பில் இருந்தாள். அவள் தொலைபேசியில், "அப்பா, உங்களுக்கு உடம்புக்கு ஏதும் செய்யுதோ?" என்று மட்டும் கேட்டாள். மிச்சம் மனைவியின் சம்மதம். அந்தக் கடிதத்தைக் கதிரவேலரே எழுதிக் கொடுத்தார். 'முப்பத்தொரு ஆண்டுகால இல்லறத்தில் என்னை எவ்விதக் குறையுமின்றிப் பராமரித்த எனது கணவரின் பிரிவு எனக்கு ஆற்றொணாத் துயரத்தை அளிக்குமெனினும்' என்று தொடங்கிப் பதினான்கு வரி. தங்கேஸ்வரி அதைக் குசினியில் நின்றபடியே ஒரு தரம் வாசித்தாள். பிறகு, விருந்தினரின் சலவை உடுப்புக்குத் துண்டு எழுதுகிற தாளில் ஒன்றைக் கிழித்து, 'எனக்கு ஆட்சேபனை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"இவ்வளவுதானோ?" என்றார் கதிரவேலர்.

"வேற என்ன? திகதி போடவோ?"

இரண்டு நாளாவது அழுவாள் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். அழுதால் எப்படித் தேற்றுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தார். அந்த வசனங்கள் எல்லாம் வீணாகப் போயின.

மடத்தில் பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்தவர் அன்று கையை உயர்த்திய அதே சாமியார். துறவுப் பெயர் சாந்தபோதர். வீட்டுப் பெயர் சிந்துஜன், சல்லிக் கிராமத்தைச் சேர்ந்தவர். மடத்துக்கு வருமுன் நகரத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கைப்பேசி திருத்துகிற கடையில் வேலை செய்தவர். முதல் நாள் கதிரவேலர் தன் தகைமைகளை வரிசையாகச் சொன்னார். கோப்பு ஒழுங்கு, சுற்றறிக்கை எழுதுதல், மூன்று மொழியிலும் கடிதத் தொடர்பு. மடத்தின் அலுவலகத்தைத் திருத்தி அமைக்கத் தாம் தயார் என்றும் சொன்னார்.

சாந்தபோதர் முழுவதையும் கேட்டார். "நல்லது ஐயா. குசினிக்குப் பின்னால கிடாரம் கிடக்கு. கழுவவேணும்" என்றார்.

வெள்ளிக்கிழமைகளில் இருநூறு பேருக்குச் சோறு காய்ச்சுகிற கிடாரம் அது. ஒரு ஆள் உள்ளே இறங்கி நிற்கலாம். அடிப்பிடித்த சோற்றைத் தேங்காய்ப் பொச்சால் தேய்க்க வேண்டும். அறுபது வயதில் கதிரவேலர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதற்குள் இறங்கினார். வெள்ளிக்கிழமைக் கிடாரம் சனிக்கிழமை முடிந்தால், மற்ற நாட்களுக்குச் சின்னக் கிடாரம் ஒன்று இருந்தது.

பயிற்சியில் இருப்பவர்கள் 'நான்' என்று சொல்லக் கூடாது; 'அடியேன்' என்றே சொல்ல வேண்டும். இந்த விதி அகந்தையைக் கரைப்பதற்காக ஏற்பட்டது. கதிரவேலர் ஒரே நாளில் அதற்குப் பழகிவிட்டார். "அடியேன் சொல்றதை முதல்ல கேளுங்கோ" என்று தேங்காய் கொண்டுவந்த லொறிக்காரனை அதட்டினார். "அடியேனுக்கு அறிவிக்காமல் ஆர் இந்தக் கதவைத் திறந்தது?" என்று கேட்டார். அந்தச் சொல்லுக்குள் இவ்வளவு அதிகாரம் இருப்பது மடத்தில் இருந்தவர்களுக்கு அதுவரை தெரியாது.

வெள்ளி பின்னேரம் குறையுரைத்தல் நடக்கும். பயிற்சியில் இருந்த மூன்று பேரும் வட்டமாக இருந்து, அந்த வாரம் தாங்கள் விட்ட பிழைகளைச் சொல்ல வேண்டும். முன்னாள் பஸ் நடத்துநர் ஒருவர், படையலுக்கு வைத்த கதலிப்பழத்தில் ஒன்றைத் தின்றதாகச் சொல்லி அழுதார். பட்டதாரிப் பொடியன், தியானத்தில் இருக்கும்போது கிரிக்கெட் நினைவு வருவதாகச் சொன்னான். கதிரவேலர் மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து வாசித்தார்.

"இவ்வாரம் அடியேனிடம் குறிப்பிடத்தக்க குறைகள் எதுவும் அவதானிக்கப்படவில்லை. செவ்வாய்க்கிழமை காலை மணி ஐந்துக்கு அடிக்கப்படாமல் ஐந்து பத்துக்கு அடிக்கப்பட்டது. புதன்கிழமை, மேற்படி நடத்துநர்..."

"ஐயா," என்றார் சாந்தபோதர், "உங்கட குறையைச் சொல்லுங்கோ. மற்ற ஆக்களின்ர குறை அவையளிட்டத் தானே இருக்கு."

கதிரவேலர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

தைப்பூசத்துக்குச் சாந்தபோதரின் தாய் மகனைப் பார்க்க மடத்துக்கு வந்தாள். கதிரவேலர் அவளை வாசலிலேயே அடையாளம் கண்டுவிட்டார். புருஷன் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் காவலாளியாக இருந்து செத்தவன். கலியாணப் பதிவில் 'கதிர்காமர்' என்றும் சேவைப் பதிவில் 'கதிர்காமத்தம்பி' என்றும் இருந்ததால், அவளை ஐந்து தரம் திருப்பி அனுப்பியிருந்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய கதை. ஒவ்வொரு தரமும் அவளோடு ஒரு இளந்தாரியும் வந்து நின்றதாக ஞாபகம். அந்த மனுஷி இப்போது நேரே அவரிடம் வந்து, கையெடுத்துக் கும்பிட்டாள். வெள்ளை உடுத்தவர்கள் எல்லோரையும் அவள் அப்படித்தான் கும்பிட்டாள். யாராவது தன்னைக் கும்பிட மாட்டார்களா என்று மடத்துக்கு வந்த மனிதர், திரும்பிக் குசினிக்குள் போய்விட்டார்.

அன்றிலிருந்து கிடாரம் ஏன் தனக்கே வருகிறது என்பது அவருக்கு விளங்கிவிட்டது. அந்த மனுஷியின் பொடியன் பழி தீர்க்கிறான். நிதானமாக, ஒரு வார்த்தை பேசாமல், பொச்சும் சாம்பலும் கொடுத்துத் தீர்க்கிறான். இரண்டு மாதம் அந்த நினைப்போடு தேய்த்தார். கடைசியில் ஒரு காலை, கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிற மோட்டரைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்த சாந்தபோதர் முன்னால் போய் நின்றார்.

"சுவாமி, அடியேன் ஒண்டு சொல்லவேணும். உங்கட அம்மாவை ஐஞ்சு தரம் திருப்பி அனுப்பினது அடியேன்தான்."

"எங்க இருந்து?"

"கந்தோரில. அப்பாவின்ர ஓய்வூதியத்துக்கு வந்தவ. நீங்களும் கூட வந்தனீங்கள்."

சாந்தபோதர் அவருடைய முகத்தை நன்றாகப் பார்த்தார். "எனக்கு ஞாபகம் வரேல்ல, ஐயா. அந்த வருசம் நானும் அம்மாவும் எட்டுக் கந்தோருக்கு அலைஞ்சனாங்கள். எல்லா இடத்திலயும் உங்களை மாதிரி ஒரு ஆள் இருந்தவர்."

"அப்ப அந்தக் கிடாரம்?"

"எந்தக் கிடாரம்?"

"ஒவ்வொரு நாளும் அடியேனுக்கே தாறது."

"ஓ, அதுவோ. மற்ற ரெண்டு பேரும் கழுவினா அடிப்பிடிச்சது போகுதில்லை. நீங்கள் ஒரு புள்ளி கிடந்தாலும் விடமாட்டியள். அதுதான்."

மன்னிப்புக் கேட்க என்று வந்தவர் கேட்காமலே திரும்பி நடந்தார். தன்னை வெறுக்கிறவர்கள் நகரத்தில் நிறையப் பேர் இருப்பார்கள் என்று அவர் நெடுநாளாக நம்பியிருந்தார். ஒரு ஆளுக்காவது முகம் ஞாபகம் இருக்கும் என்று நினைத்திருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை அவருடைய முறை வந்தபோது தாள் எதையும் எடுக்கவில்லை. "அடியேனுக்கு ஐஞ்சு தரம் ஒரே பிழை" என்றார். நடத்துநர் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பங்குனி மாதம், ஓய்வூதியக்காரர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதை உறுதிப்படுத்துகிற பத்திரத்தைக் கொடுக்க வேண்டிய காலம் வந்தது. இன்னும் மூன்று மாதத்தில் உலகத்துக்குச் சாகப் போகிறவர், அதுவரை உயிரோடிருக்கிறார் என்று காட்டுவதற்காக மடத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு பழைய கந்தோருக்குப் போனார். இலக்கம் எடுத்து, காத்திருக்கிறவர்களின் வாங்கில் இருந்தார். அவருடைய கதிரையில் இப்போது இருந்தவள் நுஸ்ரத். வேலை பழக வந்த நாளில் ஒரு காற்புள்ளிக்காக அவளை அழ வைத்தவர் அவர்தான். அவள் எழுந்து நின்று, "சேர், வாங்கோ, இருங்கோ" என்றாள். ஒரு வருடத்துக்கு மேலாகக் காதில் விழாத அந்த 'சேர்' அவருக்கு இனித்தது. பிறகு அவள் அடையாள அட்டையைப் பார்த்தாள், மடத்தில் மழித்துவிட்ட அவருடைய தலையையும் முகத்தையும் பார்த்தாள்.

"சேர், படத்தில முடியும் மீசையும் இருக்கு. படத்துக்கும் ஆளுக்கும் பொருத்தமில்லாட்டி கிராம சேவகரின்ர கடிதம் வேணும்."

"நுஸ்ரத், உமக்கு என்னைத் தெரியாதோ?"

"தெரியும் சேர். தெரிஞ்ச ஆளெண்டாலும் கடிதம் இல்லாமல் எடுக்கக் கூடாதெண்டு நீங்கள்தான் எழுதி ஒட்டினனீங்கள். இன்னும் சுவரில கிடக்கு."

அவர் திரும்பிப் பார்த்தார். கிடந்தது. பத்து வருட வெயிலில் மஞ்சளாகிப் போன தாளில் அவருடைய கையெழுத்து இன்னும் தெளிவாக இருந்தது. முதல் தடவையாக அதை வாங்குப் பக்கம் இருந்து வாசித்தார். மிக நல்ல தமிழ். யாருக்கும் ஒரு வழியும் விடாத தமிழ்.

இரண்டாம் தரம் கடிதத்தோடு வந்தார். கிராம சேவகர் 'தற்போது மடத்தில் வசிக்கிறார்' என்று எழுதியிருந்தார். நுஸ்ரத் அந்த வரியில் பேனையை வைத்தாள்.

"நிரந்தர முகவரி எது சேர்? வீடோ, மடமோ?"

கதிரவேலர் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார். பின்னால் வரிசையில் நின்ற ஒரு கிழவர், "உதுக்கும் யோசிக்க வேணுமோ, தம்பி? சாப்பாடு எங்க? அதைச் சொல்லும்" என்றார்.

சாப்பாடு மடத்தில்தான். ஆனாலும், "வீடு" என்றார் கதிரவேலர்.

"அப்ப வீட்டில இருந்து ஆராவது உறுதிப்படுத்தட்டும் சேர். ஒரு வரி போதும்."

அன்றே வெயிலோடு பஸ் எடுத்து உப்புவெளியில் இறங்கினார். அவருடைய அறையில், அவருடைய கட்டிலில், போலந்து நாட்டுப் புருஷனும் பெண்சாதியும் படுத்துக் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது அறையையும் வாடகைக்கு விட்டாயிற்று. தங்கேஸ்வரி தேநீர் போட்டுக் கொடுத்தாள். பத்திரத்தை வாசித்து, சிரிக்காமல், 'இவர் உயிரோடு இருக்கிறார். நான் நேரில் கண்டேன்' என்று எழுதினாள்.

"திகதியும் போடும்" என்றார் அவர். போட்டாள்.

தேநீர் முடிந்ததும் கதிரவேலர் எழுந்து குசினிக்குள் போய்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். அடுப்பில் கிடந்த கறிச்சட்டியையும் எடுத்துத் தேய்த்தார். கைகள் தாமாகவே அதைச் செய்தன. தங்கேஸ்வரி கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள். முப்பத்தொரு வருடத்தில் அந்த மனிதர் குசினிக்குள் வந்தது தீப்பெட்டி கேட்பதற்கு மட்டும்தான்.

"ஆர் உங்களுக்கு இதெல்லாம் பழக்கினது?"

"அடியேன்..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். சிரிப்புச் சத்தம் போலந்துக்காரருக்கும் கேட்டிருக்கும்.

ஆனியில் துறவு நாள் குறித்தார்கள். கதிரவேலரின் பழைய கந்தோர் நலன்புரிச் சங்கம் வாழ்த்துப் பதாகை ஒன்று அடித்து மடத்து மதிலில் கட்டியது. 'துறவிலும் சாதனை படைக்கும் எமது சேர்' என்று அதில் இருந்தது. பழைய மேலதிகாரி முதல் வரிசையில் இருந்தார். கதிரவேலரின் காலில் இன்று விழ வேண்டி வரும் என்பதால் இடுப்பு வலிக்குப் பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

ஓமம் மூட்டினார்கள். தனக்குத் தானே வைக்க வேண்டிய பிண்டம் வாழையிலையில் தயாராக இருந்தது. கதிரவேலர் ஈர வேட்டியோடு நின்றார். மடத்தின் தலைவரான பெரிய சுவாமி, ஒழுக்கக் கோவையின்படி, மனைவியைச் சபைக்கு அழைத்தார். மூன்று தரம் கேட்பது முறை. மூன்று தரமும் அவள் வாயால் சொல்ல வேண்டும்.

"இந்த வீட்டுக்கு இவர் இனித் தேவையோ?"

"தேவையில்லை" என்றாள் தங்கேஸ்வரி.

"இந்த வீட்டுக்கு இவர் இனித் தேவையோ?"

"தேவையில்லை."

மூன்றாம் தரம் கேட்டபோது அவள் வாய் திறக்கவில்லை. பெரிய சுவாமி, காது கேட்கவில்லையாக்கும் என்று சத்தமாக இன்னொரு தரம் கேட்டார்.

"கேட்டது சுவாமி" என்றாள். "தேவையில்லை எண்டது உண்மைதான். வீடு நடக்குது. ரெண்டு தரம் சொல்லிப்போட்டன். ஆனா வேண்டாம் எண்டு நான் எப்பவும் சொல்லேல்ல. உங்கட கேள்வியில ரெண்டும் ஒண்டாக் கிடக்கு."

பெரிய சுவாமி ஒழுக்கக் கோவையைப் புரட்டினார். அறுபத்து நான்கு விதிகளில் இதற்கு ஒன்றும் இல்லை. மேலதிகாரி முதல் வரிசையில் இருந்தே, "அதை மூண்டாவதாகவும் எடுக்கலாம் தானே, சுவாமி. மனுசி மறுக்கேல்லத் தானே" என்றார். சபை தலையாட்டியது. சோறு ஆறிக்கொண்டிருந்தது.

அப்போது கதிரவேலர் தொண்டையைச் செருமினார். "சுவாமி, அடியேன் ஒண்டு சொல்லலாமோ? மூண்டு தரம் வேணும். ரெண்டுதான் வந்திருக்கு. இதை வைச்சுக்கொண்டு மேல போக ஏலாது." அதைச் சொல்லும்போது அவருடைய குரல் பழைய கந்தோர்க் குரலாகவே இருந்தது. கண் மட்டும் கலங்கியிருந்தது. ஓமப் புகை என்று பிறகு சொன்னார்.

சாந்தபோதர் ஒரு காய்ந்த துவாயைக் கொண்டுவந்து அவருடைய தோளில் போட்டார். சமைத்த சோற்றை எல்லோரும் சாப்பிட்டார்கள். மேலதிகாரி இரண்டாம் தரமும் பாயாசம் வாங்கினார். இலையில் இருந்த பிண்டத்தைக் காகங்கள் எடுத்துக்கொண்டு போயின. யாருக்கு வைத்தது, அந்த ஆள் செத்தானா இல்லையா என்று அவை விசாரிக்கவில்லை.

புருஷனும் பெண்சாதியும் ஓட்டோவில் வீடு வந்தார்கள். மூன்றாவது அறையில் மாதக் கடைசி வரைக்கும் ஆள் இருந்ததால், கதிரவேலர் விறாந்தையில் மடக்குக் கட்டில் போட்டுப் படுத்தார். விடிய ஐந்து மணிக்கு எழுந்து ஒழுங்கை முழுவதையும் கூட்டினார். துறவு தவறிப்போன மனிதரிடம் என்ன பேசுவது என்று அயலுக்குத் தெரியவில்லை. சிலர் பொதுவாகக் கும்பிட்டு வைத்தார்கள். அவரும் தும்புத்தடியைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு திருப்பிக் கும்பிட்டார். குணம் முழுக்க மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. விருந்தினர் கவனிக்க வேண்டிய ஒன்பது விதிகளை எழுதி விறாந்தைச் சுவரில் ஒட்டினார். தங்கேஸ்வரி ஏழு விதிகளை வெட்டிவிட்டு, குளியலறை பற்றிய இரண்டை மட்டும் விட்டுவைத்தாள். 'அடியேன்' மட்டும் போகவில்லை. வெள்ளைக்காரர்கள் அதை அவருடைய பெயர் என்று நினைத்து, "மிஸ்டர் அடியேன்" என்று கூப்பிட்டார்கள். அவர் திருத்தவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஒரு காலை, தங்கேஸ்வரி கொல்லைக் கயிற்றில் ஈரப் படுக்கைவிரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கதிரவேலர் பக்கத்தில் வந்து நின்றார். கேட்க வேண்டும் என்று அவர் நாள்கணக்காக நினைத்திருந்த கேள்வி அது.

"இஞ்சேரும். வேண்டாம் எண்டு சொல்லேல்ல எண்டால், வேணும் எண்டு அர்த்தமோ?"

தங்கேஸ்வரி விரிப்பின் ஒரு நுனியை அவர் கையில் கொடுத்தாள்.

"அதை இன்னும் யோசிக்கிறன். நீங்கள் அந்தப் பக்கத்தை இழுத்துப் பிடியுங்கோ, தண்ணியைப் பிழிவம்."

அவர் இழுத்துப் பிடித்தார். இருவரும் எதிரெதிர்ப் பக்கமாக முறுக்கினார்கள்.